குழுவாக மலை நடை: போகும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை



விடுமுறை வந்தால் ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு என்று வேன் பிடித்துப் போய், பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட்டுத் திரும்புவது நம் வழக்கம். இப்போது பிள்ளைகள் வேறு மாதிரி கேட்கிறார்கள். "காட்டுக்குள்ள நடந்து போற டிரெக்கிங் இருக்காம், கூட வழிகாட்டி வருவாங்களாம், நாங்க போகட்டுமா?" என்கிறார்கள். கல்லூரியில் படிக்கும் பெண் பிள்ளைகளும் கேட்கிறார்கள். சர்க்கரைக்கு நடக்கச் சொல்லி மருத்துவர் அறிவுறுத்திய பெரியவர்களும் "நம்மளும் ஒரு தடவை போய்ப் பார்த்தா என்ன" என்கிறார்கள்.

வீட்டில் உடனே எழும் கேள்விகள் இரண்டு. அது பாதுகாப்பானதா? நம்மால் முடியுமா? இரண்டுக்கும் சரியான பதில் தெரியாமல் "வேண்டாம்" என்று தடுப்பதும் சரியல்ல. "போய் வா" என்று கண்ணை மூடிக்கொண்டு அனுப்புவதும் சரியல்ல. எதை எதிர்பார்க்கலாம், எதற்குத் தயாராக வேண்டும் என்பதை இங்கே பார்ப்போம்.

அரசின் ஏற்பாடு என்ன?

தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் மலையேற்றத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. வனத்துறையும் தமிழ்நாடு வன அனுபவக் கழகமும் சேர்ந்து நடத்தும் இந்தத் திட்டத்தில் தொடக்கத்தில் 14 மாவட்டங்களில் 40 பாதைகள் அறிவிக்கப்பட்டன. நீலகிரி, கோவை, திருப்பூர், திண்டுக்கல், தேனி, மதுரை, விருதுநகர், தென்காசி, திருநெல்வேலி, கன்னியாகுமரி, சேலம், கிருஷ்ணகிரி, திருப்பத்தூர், திருவள்ளூர் ஆகியவை அந்த மாவட்டங்கள். நமக்குப் பக்கத்தில் பச்சைமலையும் கொல்லிமலையும் இருந்தாலும் பெரம்பலூர், திருச்சி, நாமக்கல் மாவட்டங்கள் இந்தப் பட்டியலில் இல்லை. நம் பகுதியிலிருந்து போகிறவர்களுக்குச் சேலம் மாவட்டப் பாதைகள்தான் அருகில் உள்ளவை.

பதிவு செய்வது 'ட்ரெக் தமிழ்நாடு' என்ற அரசு இணையதளத்தில். பாதையையும் தேதியையும் தேர்ந்தெடுத்து, பணம் கட்டி, ஒவ்வொருவருடைய பெயரையும் வயதையும் பதிய வேண்டும். 18 வயதுக்குக் கீழே இருந்தால் பெற்றோரின் ஒப்புதல் தேவை. 10 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் பெற்றோருடனோ பாதுகாவலருடனோ எளிய பாதைகளில் மட்டும் போகலாம்.

குழுவுடன் வருகிற வழிகாட்டிகள் பெரும்பாலும் அந்த மலையிலேயே பிறந்து வளர்ந்த பழங்குடி இளைஞர்கள், காட்டை ஒட்டிய ஊர்க்காரர்கள். இதற்கென்று பயிற்சி பெற்றவர்கள். யானை எந்த நேரத்தில் எந்தப் பக்கம் இறங்கும், எந்த ஓடையில் தண்ணீர் இருக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். நாம் கட்டும் கட்டணம் அவர்கள் வீட்டுக்கும் வருமானமாகிறது.

ஏன் இத்தனை கட்டுப்பாடு?

"நாலு நண்பர்கள் சேர்ந்து போனால் போதாதா, அனுமதி எதற்கு, வழிகாட்டி எதற்கு?" என்று இளைஞர்கள் கேட்பார்கள். அவர்களுக்குக் குரங்கணியைப் பற்றிச் சொல்லுங்கள்.

2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. தேனி மாவட்டம் போடிநாயக்கனூருக்கு மேலே உள்ள குரங்கணி மலையில், சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர் பக்கத்திலிருந்தும் வந்த குழுக்கள் முந்தின நாள் ஏறி, அன்று கொழுக்குமலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். பெரும்பாலோர் இளம் பெண்கள். மலைச் சரிவில் காய்ந்த புல் ஆள் உயரத்துக்கு நின்றது. அதில் தீ பரவியது. புகையில் திசை தெரியாமல் குழு சிதறியது. 23 பேர் உயிரிழந்தார்கள். அவர்கள் போன பாதைக்கு முறையான அனுமதி பெறப்படவில்லை என்று பிறகு வனத்துறை தெரிவித்தது.

காட்டுத் தீயைப் பற்றி சமவெளிக்காரர்களாகிய நாம் அறியாத ஒன்று உண்டு. வயல் வரப்பில் வைக்கும் தீ போல அது மெதுவாக நகராது. சூடான காற்று மேலே எழும்பி, மேல் சரிவில் இருக்கும் புல்லை முன்கூட்டியே காய்ச்சிவிடும். அதனால் மலையில் தீ மேல்நோக்கி மனிதன் ஓடுவதைவிட வேகமாக ஏறும். தீயைக் கண்டு மேலே ஓடுகிறவர் அதன் வாயிலேயே போய் விழுவார்.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகுதான் 2018ஆம் ஆண்டிலேயே மலையேற்றத்துக்கான ஒழுங்குமுறை விதிகள் வந்தன. வனத்துறையின் அனுமதி இல்லாமல் காப்புக்காட்டுக்குள் நுழைவது 1882ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். தீ அபாயம் உள்ள பிப்ரவரி முதல் ஏப்ரல் வரையிலான காலத்தில் மலையேற்றம் நிறுத்தி வைக்கப்படுகிறது. இந்த ஆண்டுகளில் ரமலானும் ஏறத்தாழ அதே காலத்தில் வருவதால் நமக்கு அதில் இழப்பில்லை. மழை அதிகமானாலும் யானை நடமாட்டம் தெரிந்தாலும் கடைசி நேரத்தில் ரத்து செய்வார்கள். அப்போது வனத்துறையோடு வாதாடாதீர்கள். அந்த ரத்து நம் பிள்ளைகளுக்காகத்தான்.

தனியார் குழு ஒன்று குறைந்த கட்டணத்தில் அழைத்துப் போவதாகக் கைப்பேசியில் விளம்பரம் வந்தால் முதலில் கேட்க வேண்டியது, "எந்தப் பாதைக்கு, எந்தத் தேதிக்கு வனத்துறை அனுமதி இருக்கிறது? அதைக் காட்டுங்கள்" என்பதுதான். காட்டத் தயங்குகிறவரிடம் பணம் கட்ட வேண்டாம்.

எந்தப் பாதை நமக்கு ஏற்றது?

பாதைகளை எளிது, நடுத்தரம், கடினம் என மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள். முதல் தடவை போகிறவர்கள், வயது என்னவாக இருந்தாலும், எளிய பாதையையே தேர்ந்தெடுங்கள். கோத்தகிரி அருகே உள்ள லாங்வுட் சோலை அதற்கு நல்ல உதாரணம். 116 ஹெக்டேர் பரப்புள்ள அந்தச் சோலைக்காடு கீழே இருக்கும் ஊர்களுக்குத் தண்ணீர் தருகிறது. வெள்ளியங்கிரி, முக்கூர்த்தி போன்ற கடினமான பாதைகள் பழகியவர்களுக்கு உரியவை. படத்தில் அழகாக இருக்கிறது என்பதற்காக அங்கே தொடங்கக் கூடாது.

"மொத்தமே 8 கிலோமீட்டர்தானே, ஆண்டிமடத்திலிருந்து பக்கத்து ஊருக்கு நடப்பது போல" என்று நினைப்பதுதான் பலரும் ஏமாறும் இடம். மலையில் தூரத்தைவிட உயரம்தான் கணக்கு. ஸ்காட்லாந்து நாட்டு மலையேற்றக்காரர் நெய்ஸ்மித் 1892இல் சொன்ன எளிய கணக்கு ஒன்று இன்றும் உலகெங்கும் பயன்படுகிறது. ஒவ்வொரு 5 கிலோமீட்டருக்கும் 1 மணி நேரம். அதற்கு மேல், ஏறும் ஒவ்வொரு 600 மீட்டர் உயரத்துக்கும் இன்னொரு 1 மணி நேரம். இதன்படி 600 மீட்டர் ஏற்றம் உள்ள 8 கிலோமீட்டர் பாதைக்கு 2 மணி 36 நிமிடம் ஆகும். இது பழகிய ஆள் நிற்காமல் நடக்கும் நேரம். முதல் தடவை போகும் குடும்பம் ஏறத்தாழ இரு மடங்கு, அதாவது 5 மணி நேரம் என்று வைத்துக்கொள்வது நல்லது. பதிவு செய்யும்போது தூரத்தை மட்டும் பார்க்காமல் எவ்வளவு ஏற்றம் என்பதையும் பாருங்கள்.

உடம்பைத் தயார் செய்தல்

நம் ஊர் சமவெளி. முந்திரித் தோப்பு வழியாக எத்தனை கிலோமீட்டர் நடந்தாலும் ஏற்றம் ஏறும் பழக்கம் வராது. ஆகவே போவதற்கு ஆறு வாரம் முன்பே தொடங்குங்கள். ஃபஜ்ர் தொழுதுவிட்டு வாரம் நாலு நாள் 30 நிமிடம் நடக்கத் தொடங்கி, மெல்ல 1 மணி நேரம் வரை கூட்டுங்கள். வாரம் இரண்டு நாள் மாடிப்படி ஏறி இறங்குங்கள். கடைசி இரண்டு வாரம், எடுத்துப் போகப் போகும் பையை அதே பாரத்துடன் மாட்டிக்கொண்டு ஏறுங்கள்.

ஏறுவது மூச்சைச் சோதிக்கும். இறங்குவது முழங்காலைச் சோதிக்கும். இறங்கும்போது ஒவ்வொரு அடியிலும் உடம்பின் பாரம் முழுவதையும் தொடைத் தசைதான் தடுத்துப் பிடிக்கிறது. மறுநாள் வலி வருவது அதனால்தான். மாடிப்படியில் மெதுவாக இறங்கிப் பழகினால் இந்த வலி பெருமளவு குறையும்.

குழுவாக ஒருமுறை ஒத்திகை பார்க்க நம் மாவட்டத்திலேயே கரைவெட்டி பறவைகள் சரணாலயம் இருக்கிறது. 2024 ஜனவரி இறுதியில் ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்ட இடம் அது. மேலே சொன்ன லாங்வுட் சோலைக்கும் அதே நேரத்தில்தான் அந்த அறிவிப்பு வந்தது. குளிர்காலத்தில் இமயமலையைத் தாண்டி வரித்தலை வாத்துகள் வரும் ஏரி. ஏற்றமில்லாத கரையில் ஒரு காலைப் பொழுது எல்லோரும் சேர்ந்து நடந்தால், யார் வேகமாக நடப்பார், யாருக்கு அடிக்கடி உட்கார வேண்டும், யாருடைய செருப்பு கடிக்கிறது என்பதெல்லாம் வீட்டுக்குப் பக்கத்திலேயே தெரிந்துவிடும்.

அன்றைய நாள் எப்படி இருக்கும்?

வெயில் ஏறும் முன் நடக்க வேண்டியிருப்பதால் அதிகாலையிலேயே தொடங்கும் இடத்தில் இருக்க வேண்டும். ஆகவே முந்தின இரவே மலையடிவாரத்துக்குப் போய்த் தங்குவது நல்லது. இரவெல்லாம் வேனில் தூங்காமல் வந்து, காலையில் இறங்கி உடனே மலையேறுவது ஆபத்து. நீலகிரிக்கோ கொடைக்கானலுக்கோ வாகனத்தில் போகிறவர்கள் இ-பாஸ் எடுக்க வேண்டும். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் இது நடைமுறையில் இருக்கிறது. வேன் ஓட்டுநரிடம் விட்டுவிடாமல் நீங்களே சரிபாருங்கள்.

தொடங்கும் இடத்தில் அடையாள அட்டையைப் பார்த்து, பெயர் சரிபார்த்து, தலை எண்ணி, வழிகாட்டி சில விதிகளைச் சொல்வார். கழிப்பறை இருந்தால் இங்கேயே போய்விடுங்கள், காட்டுக்குள் கிடையாது. இந்த இடத்தில்தான் உங்கள் சர்க்கரை, ரத்த அழுத்தம், ஆஸ்துமா எதுவாக இருந்தாலும் வழிகாட்டியிடம் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். நாலு பேர் முன்னால் சொல்லக் கூச்சமாக இருந்தால் தனியே அழைத்துச் சொல்லுங்கள்.

முதல் அரை மணி நேரம் மூச்சு வாங்கும். "நம்மால் முடியாது" என்று தோன்றும். பயப்பட வேண்டாம், உடம்பு சூடேறிய பிறகு சீராகும். பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம்தான் சரியான வேகம். பேச முடியாமல் மூச்சு முட்டினால் நீங்கள் வேகமாக நடக்கிறீர்கள் என்று அர்த்தம். நெஞ்சில் அழுத்தம், இடது கையில் வலி, தலைசுற்றல் வந்தால் மட்டும் உடனே நின்று சொல்லிவிடுங்கள்.

பெரும்பாலான நேரம் கைப்பேசியில் சிக்னல் இருக்காது. வீட்டில் இருப்பவர்களிடம் "மாலை இத்தனை மணிக்குள் அழைப்பேன், அதுவரை கலங்க வேண்டாம்" என்று முன்பே சொல்லி வையுங்கள்.

யாருடைய வேகத்தில் நடப்பது?

குழு நடையில் மற்ற எல்லாவற்றையும் விட முக்கியமான விதி இது: குழு நடக்க வேண்டியது அதில் மிக மெதுவாக நடப்பவரின் வேகத்தில்.

வழக்கமாக நடப்பது என்ன? கால் வலுவுள்ள பையன்கள் முன்னால் ஓடிப் போய் ஒரு பாறையில் உட்கார்ந்து படம் எடுப்பார்கள். பின்னால் வரும் மாமி மூச்சு வாங்க அந்த இடத்துக்கு வந்து சேரும்போது, அவர்கள் ஓய்வெடுத்து முடித்து எழுந்து கிளம்புவார்கள். ஓய்வு யாருக்குத் தேவையோ அவருக்குக் கிடைக்கவே கிடைக்காது. இப்படி இரண்டு மூன்று முறை நடந்தால் அவர் வெட்கப்பட்டு, வலியைச் சொல்லாமல், தன் சக்திக்கு மீறி நடப்பார். கால் பிசகுவதும் மயங்கி விழுவதும் அப்போதுதான்.

ஆகவே மெதுவாக நடப்பவரை வழிகாட்டிக்கு அடுத்ததாக முன்னால் விடுங்கள். குழுவில் வலுவான ஒருவர் கடைசியில் வரட்டும். அவருக்குப் பின்னால் யாரும் இருக்கக் கூடாது. பாதை பிரியும் இடத்தில் எல்லோரும் வந்து சேரும்வரை நிற்க வேண்டும். சிறுநீர் கழிக்க ஒதுங்கினாலும் ஒருவரிடம் சொல்லிவிட்டே ஒதுங்க வேண்டும். பெண்கள் இருவர் இருவராகச் செல்வது நல்லது. வழிகாட்டி "பேசாதீர்கள்" என்று கையைக் காட்டினால் அப்படியே நிற்க வேண்டும், "ஏன்?" என்று கேட்பதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். அவர் வயதில் சிறியவராக இருக்கலாம், அதிகம் படிக்காதவராகவும் இருக்கலாம். காட்டுக்குள் அவர்தான் அமீர்.

உடையும் பையும்

புதுக் காலணி வேண்டாம். இரண்டு வாரமாவது போட்டுப் பழகிய, அடியில் நன்றாகப் பிடிப்புள்ள ஷூவும் பருத்திக் காலுறையும் போதும். முந்தின நாள் கால் நகத்தை வெட்டிவிடுங்கள். இறங்கும்போது விரல் நுனி ஷூவில் முட்டி நகம் கறுத்துவிடும்.

பச்சை, காக்கி, பழுப்பு போன்ற மங்கிய நிற உடை நல்லது. அத்தர் பூசிக்கொண்டு போகாதீர்கள். வாசனை காட்டு விலங்குகளுக்கு நம் வரவை அறிவிக்கும், மலைத்தேனீயையும் கிளறிவிடும். சகோதரிகள் தளர்ந்த சுடிதார், முழுக்கை, ஊசி குத்திய தலைத்துணியுடன் வசதியாக நடக்கலாம். புர்கா அணிகிறவர்கள் அதன் அடிப்பகுதி காலில் தட்டாத அளவில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இறக்கத்தில் துணி காலில் சிக்குவதும் முள்ளில் மாட்டுவதும் விழுவதற்குக் காரணமாகும். பெண் வழிகாட்டி வேண்டுமென்றால் பதிவின்போதே கேட்டுப் பாருங்கள்.

ஒவ்வொரு 1,000 மீட்டர் உயரத்துக்கும் வெப்பம் ஏறத்தாழ 6 டிகிரி குறையும். ஆகவே நீலகிரி போன்ற இடங்களுக்கு ஒரு ஸ்வெட்டரும் மெல்லிய மழைக்கோட்டும் தேவை. மழைக்காலத்தில் அட்டைகள் ஏறும். அலறிப் பிடுங்காமல், நகத்தால் அதன் வாயை மெதுவாக நெம்பி எடுங்கள். ரத்தம் சிறிது நேரம் கசியும், ஆபத்தில்லை.

சாப்பாடு, தண்ணீர், தொழுகை

ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீர் எவர்சில்வர் பாட்டிலில் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு முறை மட்டும் பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழகம் முழுவதும் தடை இருக்கிறது. நீலகிரியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலையே சோதனைச் சாவடியில் வாங்கி வைத்துவிடுவார்கள். தாகம் எடுக்கும்வரை காத்திராமல் சிறிது சிறிதாகக் குடியுங்கள்.

சில பாதைகளில் சாப்பாடும் கட்டணத்தில் சேர்ந்திருக்கும், பதிவின்போது பார்த்துக்கொள்ளுங்கள். ஹலால் பற்றிய சந்தேகம் இருந்தால் சைவ உணவு கேட்கலாம், அல்லது புளிச்சோறு கட்டிக்கொண்டு போகலாம். வழியில் கொறிக்க நம் ஊர் முந்திரி, வேர்க்கடலை உருண்டை, பேரீச்சம்பழம் இவற்றைவிடச் சிறந்தது வேறில்லை. போட்ட கொட்டையையும் காகிதத்தையும் பைக்குள்ளேயே திரும்பக் கொண்டுவாருங்கள். பெண்கள் பயன்படுத்திய நாப்கினையும் அப்படியே மூடிய உறையில் கொண்டுவர வேண்டும். குரங்குக்கோ மானுக்கோ எதுவும் போடக் கூடாது.

எளிய பாதை நடை பெரும்பாலும் மதியத்தோடு முடிந்துவிடும் என்பதால் லுஹருக்குச் சிரமம் இருக்காது. நீண்ட பாதையானால் ஓய்வெடுக்கும் இடத்தில் தொழ நேரம் வேண்டும் என்று வழிகாட்டியிடம் காலையிலேயே சொல்லிவிடுங்கள். ஒளூவுக்கு ஓடையில் தாமாக இறங்க வேண்டாம்; அவர் காட்டும் இடத்தில் செய்யுங்கள். பயணத்தில் சுருக்கித் தொழுவது, சேர்த்துத் தொழுவது பற்றி நம் பள்ளி இமாமிடம் முன்பே கேட்டுக்கொள்ளலாம். ஜும்ஆ நாளைத் தவிர்த்துத் தேதி எடுப்பது நல்லது.

நோயாளிகள் கவனிக்க

இதய நோய்க்குச் சிகிச்சை பெறுவோர், கர்ப்பிணிகள், அண்மையில் அறுவை சிகிச்சை செய்தவர்கள் மருத்துவர் சம்மதிக்காமல் போகக் கூடாது. முழங்கால் தேய்மானம் உள்ளவர்கள் கரைவெட்டி போன்ற சமதள நடையோடு நிறுத்திக்கொள்ளலாம்.

சர்க்கரை உள்ளவர்கள் போகலாம். ஆனால் கவனம் வேண்டும். வழக்கத்துக்கு மேல் நடப்பதால் சர்க்கரை திடீரென இறங்கலாம். கை நடுக்கம், வியர்வை, கண் இருட்டுதல், காரணமில்லாத எரிச்சல் ஆகியவை அதன் அறிகுறிகள். உடனே உட்கார்ந்து 3 தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடியுங்கள். 15 நிமிடத்தில் சரியாகாவிட்டால் மறுபடி குடியுங்கள். அன்றைக்கு மாத்திரை, இன்சுலின் அளவை மாற்ற வேண்டுமா என்று முன்பே மருத்துவரிடம் கேளுங்கள். நடை முடிந்ததும் உள்ளங்காலில் கொப்புளம், காயம் இருக்கிறதா என்று வீட்டார் யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள். கால் மரத்தவர்களுக்குக் காயம் வலிக்காது.

கடைசியாக ஒன்று. பாதி வழியில் "இதற்கு மேல் முடியவில்லை" என்று ஒருவர் சொன்னால் அதைக் கேலி செய்யாதீர்கள். பணம் வீணாகிறதே என்று அவரை இழுத்துக்கொண்டும் போகாதீர்கள். மலை அங்கேயேதான் இருக்கும். அடுத்த ஆண்டும் போகலாம். எத்தனை பேர் புறப்பட்டோமோ அத்தனை பேரும் நலமாக வீடு திரும்பினால் அதுவே நல்ல பயணம். இன்ஷா அல்லாஹ், அப்படியே அமையட்டும்.